நம் சர்வர் அடுத்தவர் கிளையன்டோடு பேசுமா? வெப் சர்வீஸ் ஒத்தியங்கு சோதனைக்குத் திட்டம் போடும் வழி

சில வருடங்களுக்கு முன் ஒரு காப்பீட்டு வேலையில் இருந்தேன். 15-06-2010 அன்று பிறந்த குழந்தை, எதிர்ப்பக்கத்துத் தரவுதளத்தில் 14ஆம் தேதியே பிறந்திருந்தது. ஒரு குழந்தை அல்ல, எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான். எங்கள் பக்கம் ஜாவா, அவர்கள் பக்கம் டாட்நெட். இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கில் யூனிட் டெஸ்ட் (நிரலின் ஒவ்வொரு துண்டுக்கும் தனிச் சோதனை), எல்லாம் பச்சை, அதாவது தேறியவை.

தேடிப் பார்த்தால் விஷயம் சின்னது. பிறந்த தேதியை நாங்கள் 'டேட்டைம்' வகையில், நள்ளிரவு 00:00, கூடவே +05:30 என்று அனுப்பிக்கொண்டிருந்தோம். அவர்கள் அதைக் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றினார்கள். முந்தின நாள் மாலை 6:30 ஆயிற்று. அப்புறம் நேரத்தை வெட்டிப்போட்டுத் தேதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எங்கள் கிளையன்ட் (கேட்கும் நிரல்) எங்கள் சர்வரோடு (பதில் தரும் நிரல்) பேசியபோது இது தெரியவே இல்லை, ஏனென்றால் போகும்போது கழித்த ஐந்தரை மணி நேரத்தை வரும்போது நாங்களே கூட்டிக்கொண்டோம். தானே கேள்வித்தாள் எடுத்து, தானே விடை எழுதி, தானே திருத்தி நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்ட கதை.

இந்த மாதிரி வழுவைப் பிடிப்பதற்குத்தான் ஒத்தியங்கு சோதனை: வேறு வேறு ஆட்கள் எழுதிய மென்பொருள்கள் ஒன்றோடொன்று சரியாகப் பேசுகின்றனவா என்று பார்ப்பது. ஆபீசில் 'இன்டர்ஆப்' என்போம். திறந்த மூல வெப் சர்வீஸ் மென்பொருள் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், "இந்த ரிலீசுக்கு இன்டர்ஆப் பிளான் போட்டுக் கொடு" என்று சொல்லிவிட்டார்கள் என்றால், எங்கே தொடங்குவது? நான் சோப் சேவைகளை (நெட்வொர்க் வழியே நிரல்கள் எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசிக்கொள்ளும் முறை) வைத்துச் சொல்கிறேன். பழையதுதான், ஆனால் வங்கி, காப்பீடு, அரசுத் துறை என்று பெரிய இடங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ரெஸ்ட், ஜேசன் என்று புது முறையில் வேலை பார்ப்பவர்களுக்கும் முறை இதுதான், தரவு மட்டும் மாறும்.

முன்னால் நடந்தவர்கள் போட்ட பாதை

சோப் 1.1 என்பது 2000 மே மாதம், வெப் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட வெறும் குறிப்பு. அதைப் படித்து ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். அடுத்த வருடமே 'சோப்பில்டர்ஸ்' என்ற பெயரில் அந்த நிரலாளர்கள் ஒன்றுகூடி, சுற்றுச் சுற்றாகச் சோதனை நடத்தினார்கள். சோதனை என்ன? 'எக்கோ'தான். ஒரு சரத்தை அனுப்பு, அதே சரம் திரும்பி வர வேண்டும். அப்புறம் முழு எண், தசமம், தேதி, அணி, கட்டமைப்பு என்று ஒவ்வொன்றாக. முடிவுகளைக் கட்டம் கட்டமாகப் போட்டார்கள்: வரிசையில் கிளையன்ட், நெடுக்கில் சர்வர். இத்தனை வருடம் கழித்தும் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

2002இல் டபிள்யூஎஸ்-ஐ என்ற அமைப்பு உருவாகி, விதிகளில் இருந்த இரண்டுங்கெட்டான் இடங்களை அடைக்க 'பேசிக் புரொஃபைல்' கொண்டுவந்தது. இதற்கிடையில் 2004 ஆகஸ்டில் கொழும்பில் கூடிய ஒரு கூட்டத்தில்தான் அப்பாச்சி ஆக்சிஸ்2 என்ற சோப் மென்பொருளின் வேலை தொடங்கியது. அதே கொழும்பு வட்டாரத்தில் முளைத்த டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து பின்னால் அப்பாச்சி இன்குபேட்டரில் (புதுத் திட்டங்கள் வளரும் இடம்) 'ஸ்டோன்ஹெஞ்ச்' என்ற திட்டத்தைத் தொடங்கின. அதன் யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பங்குச் சந்தை மாதிரிச் செயலி ஒன்று: முன்பக்கம், வணிகச் சேவை, ஆர்டரை முடித்துவைக்கும் சேவை என்று மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டும் டாட்நெட், ஜாவா, பிஎச்பி என்று தனித்தனியாக எழுதப்பட்டது. எந்தத் துண்டைக் கழற்றி எதை மாட்டினாலும் செயலி ஓட வேண்டும். திட்டம் நீடிக்கவில்லை. ஆனால் உங்கள் மேனேஜருக்கு இன்டர்ஆப் என்றால் என்னவென்று ஐந்து நிமிடத்தில் புரியவைக்க இதைவிட எளிய படம் கிடையாது.

முதல் படி: யாரோடு பேச வேண்டும்?

புதிதாக வருபவர்கள் எல்லோரோடும் சோதித்துவிடலாம் என்று ஆரம்பிப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து மென்பொருள் என்றால் கிளையன்ட், சர்வர் சேர்த்து 25 கட்டம். சோப் 1.1, 1.2 இரண்டும் என்றால் 50. பாதுகாப்பு இல்லாமல், கடவுச்சொல்லோடு, கையொப்பத்தோடு என்று மூன்று வகை சேர்த்தால் 150. ஒவ்வொன்றிலும் இருபது சோதனை என்றால் 3,000. இரண்டு பேர் இருக்கும் குழுவுக்கு இது நடக்கிற காரியமா?

அதனால் வெட்ட வேண்டும். நம் மென்பொருள் இல்லாத கட்டங்களை முதலில் அடித்துவிடுங்கள். பிஎச்பியும் டாட்நெட்டும் பேசிக்கொள்கின்றனவா என்பது நம் கவலை இல்லை. மீதி ஒரு வரிசையும் ஒரு நெடுக்கும்தான். அப்புறம் நம் இஷ்யூ டிராக்கரைத் திறந்து, எந்தக் கிளையன்டைச் சொல்லிப் புகார் அதிகம் வருகிறது என்று எண்ணுங்கள். ஊகத்தைவிட அது நம்பகமானது.

நம்முடையது சிஎக்ஸ்எஃப் போல ஜாவா சர்வர் என்று வைத்துக்கொள்வோம். என் தேர்வு நான்கு: டாட்நெட் கிளையன்ட், பிஎச்பியோடு வரும் சோப்கிளையன்ட், பைத்தானில் சீப், சி++ பக்கம் ஜிசோப். நான்கும் நான்கு வேறு மொழி, நான்கு வேறு மனிதர்கள் விதியைப் படித்த விதம். நான்காவது ஜாவா நூலகத்தைச் சேர்ப்பதைவிட முதல் சி++ கிளையன்டைச் சேர்ப்பதில் வழு அதிகம் சிக்கும். டாட்நெட் என்றதும் விண்டோஸ் மெஷின் வேண்டுமே என்று பயப்பட வேண்டாம். சர்வர் பக்கத்துக்குக் கோர்டபிள்யூசிஎஃப் (டாட்நெட்டின் டபிள்யூசிஎஃப் சேவை நூலகத்தின் திறந்த மூல வடிவம்) 2022இல் 1.0 ஆகிவிட்டது, லினக்ஸ் கன்டெய்னரிலேயே (தனித்து ஓடும் மென்பொருள் பெட்டி) ஓடும்.

இரண்டாம் படி: எந்த விதி, எந்தப் பதிப்பு?

டபிள்யூஎஸ்-அட்ரஸிங் என்பது செய்தி எங்கே போக வேண்டும், பதில் எங்கே வர வேண்டும் என்று சொல்லும் விதி. "டபிள்யூஎஸ்-அட்ரஸிங் சப்போர்ட் உண்டா?" என்று கேட்டால் இரண்டு பக்கமும் "உண்டு" என்பார்கள். ஆனால் ஒருவர் 2004 ஆகஸ்ட் வரைவை வைத்திருப்பார், இன்னொருவர் 2006இல் டபிள்யூ3சி முடிவு செய்ததை. இரண்டுக்கும் நேம்ஸ்பேஸ், அதாவது சொற்கள் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று காட்டும் முகவரி, வேறு வேறு. எக்ஸ்எம்எல்லுக்கு நேம்ஸ்பேஸ் மாறினால் ஆளே மாறியது போலத்தான். பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதெல்லாம் எடுபடாது.

ஆகவே பிளானின் முதல் பக்கத்தில் விதியின் பெயர், பதிப்பு, நேம்ஸ்பேஸ் மூன்றையும் எழுதிவிடுங்கள். சோப் 1.1 என்றால் கன்டென்ட்-டைப் (செய்தியின் வகையைச் சொல்லும் தலைப்பு வரி) 'டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்', தனியாகச் சோப்ஆக்‌ஷன் என்று, எந்தச் செயல் வேண்டும் எனச் சொல்லும் தலைப்பு வரி, அதன் மதிப்பு மேற்கோள்குறிக்குள். 1.2 என்றால் 'அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல்', ஆக்‌ஷன் அதற்குள்ளேயே ஒரு துணைக்கூறு. இந்த இரண்டையும் கலந்தடித்து அனுப்பும் கிளையன்ட்கள் உண்டு. சோப்ஆக்‌ஷனுக்கு மேற்கோள்குறி போடாதவையும் உண்டு.

இதில் ஒரு பழைய விவாதம் இருக்கிறது. அனுப்பும்போது கறாராக இரு, வாங்கும்போது தாராளமாக இரு என்று ஜான் போஸ்டல் 1980இல் டிசிபி என்ற நெட்வொர்க் விதி பற்றி எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். என் அனுபவத்தில், தாராளமாக வாங்க வாங்க எதிர்ப்பக்கத்துத் தப்பு திருந்துவதே இல்லை. நாளைக்கு அந்தத் தப்பே ஊர் வழக்கமாகிவிடும். சோதனைச் சூழலிலாவது சர்வரைக் கறாராக வையுங்கள்.

மூன்றாம் படி: டபிள்யூஎஸ்டிஎல்லைக் கையால் எழுதுங்கள்

ஜாவா கிளாஸை எழுதி, அதிலிருந்து டபிள்யூஎஸ்டிஎல்லை (சேவை எதை வாங்கும், எதைத் தரும் என்ற ஒப்பந்தக் கோப்பு) உருவாக்குவது சுலபம். சோதனைக்கு அது ஆகாது. அடுத்த பதிப்பில் உருவாக்கும் கருவி மாறினால் ஒப்பந்தமே மாறிவிடும், என்ன உடைந்தது என்று தெரியாது. ஒப்பந்தத்தைக் கையால் எழுதி, கிட் என்ற பதிப்புக் காப்பகத்தில் போட்டு, எல்லாப் பக்கமும் அதிலிருந்தே நிரலை உருவாக்கட்டும். பாணி 'டாக்குமென்ட்/லிட்டரல்', அதாவது செய்தி ஒப்பந்தத்தில் உள்ள வடிவத்திலேயே போகும். பழைய 'ஆர்பிசி/என்கோடட்' பாணியைப் பேசிக் புரொஃபைல் அப்போதே தள்ளிவிட்டது. அதைச் சோதிக்க நேரம் செலவழிக்காதீர்கள், யாராவது காசு கொடுத்துக் கேட்டாலொழிய.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிஎச்பி தான் படித்த டபிள்யூஎஸ்டிஎல்லைக் கேஷில் வைத்துக்கொள்ளும், இயல்பு அமைப்பில் 86,400 நொடி, அதாவது முழுசாக ஒரு நாள். நீங்கள் ஒப்பந்தத்தைத் திருத்துவீர்கள், மற்ற மூன்று கிளையன்டும் ஓடும், பிஎச்பி மட்டும் அடம்பிடிக்கும். மறுநாள் காலையில் தானாகச் சரியாகிவிடும். பேய் பிடித்ததோ என்று தோன்றும். சோதனைக் கன்டெய்னரில் அந்தக் கேஷை அணைத்துவிடுங்கள்.

நான்காம் படி: தரவுதான் உயிர்

எக்கோ சோதனைக்கு "ஹலோ வேர்ல்ட்" அனுப்பி, திரும்பி வந்தது என்று டிக் அடித்தால் நேரம்தான் விரயம். ஆங்கில எழுத்து எந்த ஓட்டைக் குழாயிலும் பத்திரமாகப் போய்ச் சேரும். நான் எப்போதும் அனுப்பும் சொல் 'கோமதி'.

ஏன் கோமதி? கண்ணுக்கு மூன்று எழுத்து: கோ, ம, தி. யூனிகோடில் ஐந்து குறியீடு: க, ஓகாரக் குறி, ம, த, இகரக் குறி. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15 பைட். இந்த 3, 5, 15 என்ற மூன்று எண்ணையும் நிரலாளர்கள் மாற்றி மாற்றிக் குழப்பிக்கொள்வார்கள். கன்டென்ட்-லெங்த்தை (செய்தியின் நீளம்) பைட்டில் எண்ணாமல் குறியீட்டில் எண்ணும் கிளையன்ட் 10 பைட் குறைவாகச் சொல்லும். சர்வர் அதை நம்பி அந்த இடத்திலேயே நிறுத்திவிடும், எக்ஸ்எம்எல்லின் வால் அறுந்து கிடக்கும். ஆங்கிலச் சொல்லில் இந்த வழு ஜென்மத்துக்கும் வெளியே வராது. அதேபோல, ஒப்பந்தத்தில் அதிகபட்ச நீளம் 10 என்றால் அது குறியீட்டுக் கணக்கு. தரவுதளத்தில் பத்தி பைட் கணக்கில் இருந்தால் பெயர் பாதியில் வெட்டுப்படும்.

இன்னும் இருக்கிறது. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே 'கோ'. யூனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் எக்ஸ்எம்எல் பாகுபடுத்தி இரண்டையும் சமமாக்கித் தராது, வந்ததை வந்தபடி கொடுக்கும். பைட் பைட்டாக ஒப்பிட்டால் ஒன்று 15, மற்றது 18. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும், ஆகவே இணைப்புக் கோப்பின் பெயரில் இது நிஜமாகவே வரும். இரண்டு வடிவத்தையும் அனுப்புங்கள். போனது எதுவோ அதுவே திரும்பி வர வேண்டும். நடுவில் யாராவது 'சரிசெய்து' அனுப்பினால் அதைக் குறித்துவையுங்கள், கையொப்பச் சோதனையில் அது மறுபடி வந்து கடிக்கும்.

கூடவே சார்செட், அதாவது எழுத்துகளை எந்த முறையில் பைட்டாக்கினோம் என்ற அறிவிப்பு. 2001இல் வந்த ஆர்எஃப்சி 3023 என்ற இணைய விதிப்படி, 'டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்' என்று மட்டும் சொல்லி சார்செட் சொல்லாவிட்டால் அதை யுஎஸ்-ஆஸ்கி (ஆங்கில எழுத்து மட்டும்) என்று எடுத்துக்கொள்ள வேண்டும், உள்ளே எக்ஸ்எம்எல் தன்னை யூடிஎஃப்-8 என்று அறிவித்திருந்தாலும். 2014இல்தான் ஆர்எஃப்சி 7303 இதை மாற்றியது. பழைய விதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் மென்பொருளில் கோமதி வரிசையாகக் கேள்விக்குறிகளாகிவிடுவார்.

தேதிக்கு வருவோம். நேர மண்டலத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று, நள்ளிரவு ஒன்று, +05:30 ஒன்று. அரைமணி மண்டலத்தை மறக்காதீர்கள், முழு மணியை மட்டும் யோசித்து எழுதிய நிரல்கள் அதில்தான் வழுக்கும். நொடிக்குக் கீழே: டாட்நெட் ஏழு இலக்கம் வரை வைத்திருக்கும், பழைய ஜாவா டேட் மூன்று இலக்கம், ஜிசோப் இயல்பாக நொடியோடு நிறுத்திக்கொள்ளும். .1234567 அனுப்பினால் யாரிடம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். இது பெரும்பாலும் வழு இல்லை, ஆனால் ஆவணத்தில் எழுதிவைக்க வேண்டிய விஷயம்.

'இல்லை' என்பதைச் சொல்ல நான்கு வழி இருக்கிறது: உறுப்பே வராமல் இருப்பது, வந்து காலியாக இருப்பது, 'நில்' என்று குறித்து வருவது, பூஜ்யம் வருவது. நான்கும் வேறு. நான்கையும் அனுப்பி நான்காகவே திரும்பி வருகின்றனவா என்று பாருங்கள். அணி என்றால் மூன்று அளவு போதும்: ஒன்றுமில்லாதது, ஒன்று இருப்பது, பல இருப்பது. அந்த நடு ஒன்றில் பிஎச்பி கவிழும். ஒரே ஒரு உறுப்பு வந்தால் அதை அணியாகத் தராமல் நேராகப் பொருளாகத் தரும், அதற்கென்று ஓர் அமைப்பை மாற்றினால்தான் அணியாகத் தரும். லூப் போட்டவர் பாடு திண்டாட்டம்.

எண்களில் எல்லையைத் தொடுங்கள். ஜேசன் ஆட்களுக்கு இங்கே ஒன்று: 9007199254740993 என்ற எண்ணை ஜாவாஸ்கிரிப்ட் கிளையன்டுக்கு அனுப்பிப் பாருங்கள், கடைசி 3 கழன்று 2 ஆகியிருக்கும்.

ஐந்தாம் படி: களம்

ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனி கன்டெய்னரில், பதிப்பு எண்ணோடு. 'லேட்டஸ்ட்' என்று போட்டால் நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்பதற்குப் பதில் இருக்காது. கிளையன்டும் சர்வரும் ஒரே கன்டெய்னரில் வேண்டாம். நெட்வொர்க் என்று ஒன்று நடுவில் இருக்க வேண்டும், அதில் போவதை ஒட்டுக்கேட்க ஒரு வயர்ஷார்க்கோ பிராக்சியோ இருக்க வேண்டும்.

கடிகாரத்தையும் பிளானில் எழுதுங்கள். செய்திக்குக் கையொப்பமும் பாதுகாப்பும் சேர்க்கும் டபிள்யூஎஸ்-செக்யூரிட்டியில் செய்தியோடு 'உருவான நேரம், காலாவதி நேரம்' வரும். டபிள்யூசிஎஃப் இயல்பாக 5 நிமிட வித்தியாசத்தைத்தான் பொறுத்துக்கொள்ளும். உங்கள் மடிக்கணினியின் வர்ச்சுவல் மெஷின் தூங்கி எழுந்து பத்து நிமிடம் பின்தங்கியிருந்தால், "கையொப்பம் செல்லாது" என்ற மாதிரி ஒரு மொட்டைச் செய்தி வரும். நீங்கள் இரண்டு நாள் சான்றிதழைக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.

ஆறாம் படி: வரிசை

சாதா எக்கோ முழுதும் பச்சையாகும் வரை பாதுகாப்பைத் தொடாதீர்கள். கையொப்பம் போட்ட செய்தி தோற்றால் காரணம் இருபது இருக்கும், அதில் பாதி கீழ்த்தட்டில் இருக்கும். எக்கோ, அப்புறம் பிழைச் செய்திகள், அப்புறம் எம்டாம் இணைப்பு (கோப்புகளைச் செய்தியோடு சேர்த்து அனுப்பும் முறை), அப்புறம் அட்ரஸிங், கடைசியில் பாதுகாப்பு.

பிழைச் செய்திகளை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சேவை வேண்டுமென்றே தோற்க வேண்டும், கிளையன்ட் அந்தத் தோல்வியைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சோப் 1.1இல் எச்டிடிபி நிலை எண் 500தான். 1.2இல் தப்பு அனுப்பியவர் மேல் என்றால் 400 வர வேண்டும். 400ஐக் கண்டதும் உள்ளே இருப்பதைப் படிக்காமலே "இணைப்புப் பிழை" என்று கையை விரிக்கும் கிளையன்டை நான் பார்த்திருக்கிறேன்.

எம்டாமில் ஒரே ஒரு பொறி. சின்னக் கோப்பாக இருந்தால் அனுப்புபவர் அதைத் தனி இணைப்பாக்காமல் பேஸ்64 எழுத்துகளாக உள்ளேயே வைத்துவிடலாம், அது அவர் உரிமை. வாங்குபவர் இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். பூஜ்ய பைட், ஒரு பைட், சில நூறு மெகாபைட் என்று மூன்று கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: தோற்றபின் என்ன செய்வது?

முதலில் யாரையும் திட்டாதீர்கள். வயரில் போன பைட்டுகளை அப்படியே கோப்பில் சேமியுங்கள். லாகில் இருப்பதை நம்ப வேண்டாம். லாக் அழகுபடுத்திக் காட்டும், இடைவெளியை மாற்றும், கோப்பின் தலையில் ஒட்டியிருக்கும் மூன்று பைட் யூனிகோட் அடையாளமான பிஓஎம்மைக் காட்டவே காட்டாது.

அப்புறம் விதியைத் திறந்து, எந்தப் பத்தியில் எந்த வாக்கியம் என்று தேடுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான்: நம் தப்பு, அவர்கள் தப்பு, விதியே இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுக்கிறது. என் பிறந்த தேதிக் கதையில் நேரமே இல்லாத ஒன்றுக்கு நேர வகையைக் கொடுத்தது ஒப்பந்தத்தின் தப்பு. 'டேட்' என்று வைத்து, மண்டலத்தையும் விட்டிருந்தால் போதும். அதாவது, எங்கள் தப்பு. ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று.

அவர்கள் தப்பு என்றால், அவர்களின் டிராக்கரில் எழுதும்போது நம் மென்பொருளின் பெயரே இல்லாமல் எழுதப் பாருங்கள். சேமித்த பைட் கோப்பு ஒன்று, அதை கர்ல் என்ற கட்டளைக் கருவி வைத்து அனுப்பும் ஒரு வரி, வந்த பதில், விதியின் பத்தி எண். "உங்களுடையது எங்களுடையதோடு ஓடவில்லை" என்று எழுதினால் அந்த இஷ்யூ வருடக்கணக்கில் தூங்கும். கர்ல் வரி இருந்தால் அந்தப் பக்கத்து ஆள் தன் மெஷினில் இரண்டு நிமிடத்தில் ஓட்டிப் பார்த்துவிடுவார்.

கட்டத்தில் பச்சை, சிவப்பு மட்டும் போதாது. 'தெரிந்த வேறுபாடு' என்று மஞ்சள் ஒன்று வையுங்கள், பக்கத்தில் இஷ்யூ எண்ணைப் போடுங்கள். சோதிக்காத கட்டத்தைச் சாம்பலாக விடுங்கள். அதைப் பச்சையாக்கிவிட்டு ரிலீஸ் நோட்டில் "டாட்நெட்டோடு முழுதும் ஒத்தியங்கும்" என்று எழுதும் ஆசை வரும்.

எப்போது ஓட்டுவது? எக்கோ தட்டு ஒவ்வொரு கமிட்டுக்கும் (நிரலில் பதிவாகும் மாற்றத்துக்கும்), சில நிமிடத்தில் முடியும். பாதுகாப்பு வரை முழுசும் ராத்திரிக்கு ஒரு தடவை. எதிர்ப்பக்கத்து மென்பொருளின் புதிய பதிப்பு வந்தால் பழைய நெடுக்கை அழிக்காமல் புதிதாக ஒரு நெடுக்குச் சேருங்கள், பயனர்கள் பழையதில் இன்னும் பல வருடம் இருப்பார்கள்.

முதல் வாரத்திலேயே இவ்வளவும் வேண்டியதில்லை. இரண்டு கன்டெய்னர், கையால் எழுதிய ஒரு டபிள்யூஎஸ்டிஎல், ஒரே ஒரு எக்கோ, நடுவில் ஒரு வயர்ஷார்க். திங்கட்கிழமை கோமதியை அனுப்பிவிட்டு, திரும்பி வந்தது 15 பைட்டா என்று எண்ணிப் பாருங்கள்.